நாலு கம்பி, மூணு நாடா: 'அசல்' என்ற சொல்லைப் பற்றிச் சில குறிப்புகள்

போன ஐப்பசி மழையில் என் தாய்மாமன் வைத்திருந்த பேஸ் கிடாரின் கழுத்து பிளந்துகொண்டது. உள்நாட்டு நகல் அது. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். தலையில் ஒட்டியிருந்த பெயர் எப்போதோ உதிர்ந்து போயிற்று. முசரவாக்கத்தில் பகலில் தறி, ராத்திரியில் கச்சேரி என்று முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர் மாமா. காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆடித் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று எங்கே மெல்லிசைக் குழு போனாலும் டிரம்ஸுக்குப் பக்கத்தில், வெளிச்சம் சரியாக விழாத இடத்தில், முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் நிற்கிற ஆள் ஒருத்தர் இருப்பாரே, அவர்தான்.

வேற வாங்க வேண்டும் என்றதும் இரண்டு கருவிகள் பார்வைக்கு வந்தன. இரண்டுமே ஆள் கை மாறியவை. ஒன்று, ஃபெண்டர் கம்பெனியின் 'ஜாஸ் பேஸ்' என்ற மாடலின் 1962ஆம் வருஷத்து வடிவத்தை அப்படியே திரும்பச் செய்த ஜப்பான் மறுபதிப்பு. இன்னொன்று, அதே ஜாஸ் பேஸைக் காலத்துக்கேற்பத் திருத்திய 'அமெரிக்கன் டீலக்ஸ்', 2010இல் வந்த வரிசை. விலையில் பெரிய வித்தியாசமில்லை. சென்னை நண்பர் ஒருத்தர் பெரிய மனசு பண்ணி இரண்டையும் ஒரு வாரத்துக்கு இரவலாக வாங்கித் தந்தார். தறிக்குப் பக்கத்துத் திண்ணையில் இரண்டும் சாய்ந்து கிடந்தன.

விஷயம் இலக்கிய நண்பர்களிடம் பரவியது. ஒருத்தர் பாக்கியில்லாமல் சொன்னார்கள்: "62ஐ எடுக்கச் சொல்லுங்க." கிடாரைக் கையால் தொட்டுப் பார்க்காதவரும் சொன்னார். ஏன்னு கேட்டால், அதில்தான் ஆன்மா இருக்கிறதாம். பொருள்முதல்வாதம் பேசுகிற வாயிலிருந்து ஆன்மா இத்தனை சுளுவாக வந்து விழுவதைக் கேட்டபோதுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. இரண்டு கருவிகளில் எது தேவலாம் என்று ஒரு தீர்ப்பும் இதில் சொல்லப் போகிறேன். ஆனால் 'பழசு', 'அசல்' என்ற சொற்களை வைத்துக்கொண்டு நாம் எதை மறைக்கிறோம் என்பதைப் பார்க்காமல் அந்தத் தீர்ப்புக்குப் போக முடியாது.

*

முதலில் கொஞ்சம் சரித்திரம். லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிடார் வாசிக்கத் தெரியாது அவருக்கு. ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸைத் தூக்கிச் சுமந்து, அதுவும் மேடையில் யார் காதிலும் விழாமல் அல்லாடிய வாசிப்பாளர்களுக்காக 1951இல் 'பிரிசிஷன் பேஸ்' செய்தார். துல்லியம் என்று பெயர் வைத்ததற்குக் காரணம் ஃப்ரெட்: விரலை எங்கே வைக்கணும் என்று காதால் தேட வேண்டியதில்லை, கம்பிக்கட்டுக்கு இந்தப் பக்கம் வைத்தால் சுரம் வந்துவிடும். 1960இல் ஜாஸ் பேஸ் வந்தது. கழுத்து ஒல்லி, பிக்அப் இரண்டு. முதலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரட்டைக் குமிழ்கள். 1962 வாக்கில் அதைக் கைவிட்டு மூன்று தனிக் குமிழ்கள்.

1965 ஜனவரியில் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது. பெரிய முதலாளி வந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது: உற்பத்தி கூடியது, தரம் இறங்கியது. 1970களின் கடைசியில் டோக்காய், கிரெகோ முதலான ஜப்பான் கம்பெனிகள் 1950, 60களின் ஃபெண்டரை அளவெடுத்து நகல் செய்தன. அந்த நகல்கள் அன்றைய ஃபெண்டரைவிட ஃபெண்டராக இருந்தன. வாங்குகிறவர்கள் நகலைத் தேடிப் போனார்கள். வேறு வழியில்லாமல் 1982இல் ஃபெண்டரும் தன் பழசைத் தானே நகல் செய்ய ஆரம்பித்தது: அமெரிக்காவில் ஒரு வரிசை, ஜப்பானில் கூட்டுக் கம்பெனி வைத்து இன்னொரு வரிசை. இன்று நண்பர்கள் ஆன்மா என்று உருகுகிறார்களே, அந்த மறுபதிப்புக்குப் பிறப்புச் சான்றிதழ் கொடுத்தது நகல்காரர்களின் போட்டி.

இதைவிட ருசியான சங்கதி ஒன்று. 1982இல் லியோ ஃபெண்டர் என்ன பண்ணிக்கொண்டிருந்தார்? சாகவில்லை. அதே ஃபுல்லர்டனில், ஜி அண்ட் எல் என்ற தன் புதுப் பட்டறையில், தன் பழைய கருவிகளில் இருந்த குறைகளை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தார். அதற்கு முன்பே, 1976இல், மியூசிக் மேன் கம்பெனிக்காக அவர் வடிவமைத்த 'ஸ்டிங்ரே' பேஸில் உள்ளேயே பேட்டரியில் ஓடும் ஒலிபெருக்கிச் சுற்று வைத்தாயிற்று. 1991இல் சாகிறவரைக்கும் அவர் திருத்துவதை நிறுத்தவில்லை. அதாவது ஒரே ஊரில், ஒரே காலத்தில், கர்த்தா தன் பிரதியைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயரை விலைக்கு வாங்கிய நிறுவனமோ அவர் கழித்துப் போட்டதை 'மூலம்' என்று அச்சடிக்கிறது. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று பத்து வருஷம் எழுதித் தீர்த்த நமக்கு, ஆசிரியன் உயிரோடு இருக்கும்போதே அவனை நினைவுச்சின்னம் ஆக்குகிற இந்த வித்தை கொஞ்சம் யோசிக்கத் தக்கது.

*

எம்.ஏ. தமிழ் படித்த புத்தி எனக்கு. எதைப் பார்த்தாலும் பதிப்பு, பாடபேதம் என்றுதான் ஓடும். உ.வே.சாமிநாதையர் ஏடு ஏடாகச் சேர்த்து ஒப்பிட்டார். ஏற்ற பாடத்தை மேலே வைத்தார், மற்ற பாடங்களைக் கீழே குறித்தார். சண்டை போட விரும்புகிறவன் கீழே பார்த்துச் சண்டை போடலாம். மறுபதிப்புக் கிடாரில் அந்த அடிக்குறிப்பு கிடையாது. 1962ஆம் வருஷத்து ஜாஸ் பேஸ் என்று ஒன்று இருந்ததாக நாம் நம்ப வைக்கப்படுகிறோம். அந்த ஒரே வருஷத்தில் விரல்பலகை தடித்த பட்டையிலிருந்து மெல்லிய தகடாக மாறியது. குமிழ் மாறியது. பிக்அப்பில் செம்புக் கம்பியைச் சுற்றியவர்கள் கையால் வழிநடத்திச் சுற்றினார்கள். ஒன்றில் சுற்று கூடும், ஒன்றில் குறையும். மரம் மரத்துக்கு மாறும். இந்த வேறுபாடுகளில் ஒன்றைப் பொறுக்கி, மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு, 'இதுதான் 62' என்று மூலபாடம் நிறுவுகிறார்கள். பன்மையை அழித்து ஒருமையை நிறுவுவதும், அந்த ஒருமைக்குப் பழைமை என்று பெயர் வைப்பதும் நமக்குப் புதுசா என்ன? நம் பண்பாட்டுக் காவலர்கள் தினமும் செய்கிற வேலைதானே.

பிரதியெடுப்பு பெருகும்போது கலைப்பொருளைச் சூழ்ந்த ஒளிவட்டம் மங்கும் என்று வால்ட்டர் பெஞ்சமின் 1930களில் வாதிட்டார். அவரை நாம் வேத வாக்காக எடுத்துக்கொண்டோம். இங்கே நடந்தது தலைகீழ். பிரதியெடுத்த பிறகுதான் ஒளிவட்டமே வந்தது. 1962இல் ஜாஸ் பேஸ் ஒரு தொழிற்கருவி, அவ்வளவுதான். சுத்தியல் மாதிரி. உடனே போத்ரியாரைக் கையில் எடுத்துக்கொண்டு 'எல்லாமே நகல்தான், அசல் என்று எதுவும் இல்லை' என்று குதிக்கிற நண்பர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அசல் இல்லாமலிருக்கலாம், செய்த கை இருக்கிறது. சுமந்த தோள் இருக்கிறது.

அந்தக் கைகளுக்குப் பெயருண்டு என்பதுதான் விசேஷம். ஃபெண்டர் தொழிற்சாலையில் 1956இல் வேலைக்குச் சேர்ந்த அபிகெயில் இபாரா என்ற மெக்சிக வம்சாவளிப் பெண் பத்திருபது வருஷமில்லை, 2013 வரைக்கும் பிக்அப் சுற்றினார். 1950களின் கழுத்துகள் சிலவற்றில், உடலோடு சேரும் மறைவான முனையில், பென்சிலால் 'டி.ஜி.' என்று இருக்கும்: தாதேயோ கோமஸ் என்ற தொழிலாளியின் முதலெழுத்துகள். அன்று அது தொழிற்சாலைக் கணக்கு. இன்று சேகரிப்பவர்கள் கழுத்தைக் கழற்றி அந்த எழுத்து இருக்கிறதா என்று தேடுகிறார்கள். இருந்தால் விலை ஏறுகிறது. இபாரா சுற்றிய பிக்அப் என்றால் அதற்கும் தனி மவுசு. உழைப்பாளியின் பெயர் கடைசியில் வெளியே வந்தது என்று சந்தோஷப்படலாம். வந்த வழி எது என்பதையும் பார்க்கணும்: சரக்கின் அலங்காரமாக.

1995இல் ஃபெண்டர் இன்னொரு படி போனது. புதுக் கருவியை வேண்டுமென்றே தேய்த்து, கீறி, துருப்பிடிக்க வைத்து, ஐம்பது வருஷம் வாசித்த மாதிரி ஆக்கி விற்பது. ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்ற மேதையின் 1962 ஜாஸ் பேஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரெட்டுகளைத் தானே பிடுங்கி எறிந்து, பலகைக்கு எபாக்சி பூசி வாசித்தார் அவர். மனநோய், வீடில்லாத தெருவாழ்க்கை, 1986இல் கிடார் திருட்டு, 1987இல் ஒரு கேளிக்கை விடுதி வாசலில் அடிபட்டுச் சாவு. பிற்பாடு அந்தக் கிடாரின் ஒவ்வொரு காயத்தையும் அளவெடுத்துப் புதுக் கிடாரில் பதித்து 'அஞ்சலி' வரிசை என்று விற்றார்கள். காஞ்சிபுரத்தில் புதுச் சரிகையைக் கறுக்க வைத்து 'ஆன்டிக்' என்று விற்பதைப் பார்த்தவனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

*

ஃபெண்டர் மறுபதிப்பு தொடங்கிய 1982இல் தமிழில் 'பயணங்கள் முடிவதில்லை'யும் 'நினைவெல்லாம் நித்யா'வும் வந்தன. இந்தப் படங்களின் பாட்டுகளில் பேஸ் கிடார் அடித்தளத்தில் தலைகுனிந்து நிற்காது. தனியாக ஒரு மெட்டை நடத்திக்கொண்டு போகும். இளையராஜா அதற்கும் ஸ்வரக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். வாசித்தவர் பெரும்பாலும் சசிதரன். ஆனால் கேசட் உறையில் சசிதரன் பெயரைத் தேடிப் பாருங்கள். நடிகர், இயக்குநர், தயாரிப்பாளர், பாடகர், பாடலாசிரியர் எல்லாரும் இருப்பார்கள். அமெரிக்காவிலும் கதை அப்படித்தான். மோட்டவுன் பாட்டுகளின் முதுகெலும்பான ஜேம்ஸ் ஜேமர்சன், 1962 பிரிசிஷன் பேஸ் ஒன்றை வைத்து 1960கள் முழுக்க வாசித்துக் குவித்தார். மோட்டவுன் தட்டில் அவர் பெயர் அச்சேற 1971 ஆயிற்று. தமிழில் வாசித்தவர்களின் பெயரை உறையில் போடுவதை ஏ.ஆர்.ரஹ்மான் வழக்கமாக்கினார். கீத் பீட்டர்ஸ் என்ற பெயரை எங்களூர்ப் பையன்கள் அப்படித்தான் தெரிந்துகொண்டார்கள்.

'அந்தக் காலத்து பேஸ்' என்று உருகும் நண்பர்களிடம் ஒரு கேள்வி. அந்தக் காலத்தில் நாம் அதைக் கேட்டோமா? எங்கள் ஊர்க் கோயில் கூம்பு ஒலிபெருக்கியில் பேஸ் வராது. பேஸின் கனத்த கம்பியைச் சும்மா மீட்டினால் வரும் ஒலி 41 ஹெர்ட்ஸ். கூம்பு சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் தராது. கேட்டது அதன் நிழலைத்தான்: மேல் அதிர்வுகள் மட்டும் வந்து சேரும், அடி ஒலியை மூளை தானாகக் கட்டிக்கொள்ளும். டீக்கடை டேப்ரிக்கார்டரிலும் பாதி அப்படித்தான். முழு பேஸ் என்ன என்று நான் தெரிந்துகொண்டது ஏழெட்டு வயதில், மாமாவின் ஆம்ப்ளிஃபையர் பெட்டி மேல் உட்கார்ந்தபோது. காதில் கேட்டதைவிட அடிவயிற்றில் கேட்டதுதான் அதிகம். ஆக, நம் நினைவில் இருக்கும் 'பழைய பேஸ்' எந்தக் கருவியிலும் கிடையாது. அது ஓட்டை ஸ்பீக்கரும் நம் மூளையும் சேர்ந்து செய்த உற்பத்தி.

*

சரி, அந்த ஒரு வாரம்.

திண்ணையில் உட்கார்ந்து வாசித்தபோது 62தான் ஜெயித்தது. மறைக்க வேண்டியதில்லை. பின்பக்கப் பிக்அப்பைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் மூக்கால் பேசுகிற மாதிரி ஒரு குரல் வருகிறது; சுரம் எழுந்து, வயதான ஆள் மாதிரி நிதானமாக உட்காருகிறது. டீலக்ஸ் சுத்தமாக, பளிச்சென்று, அடியும் உச்சியும் தனித்தனியாகப் பேசியது. மாமா அதைக் கேட்டுவிட்டு, "பேங்க்ல டோக்கன் கூப்புடுற பொண்ணு மாரி கீது" என்றார். நண்பர்கள் பக்கம் பலம் சேர்ந்துவிட்டதே என்று எனக்கே உறுத்தியது.

மூணாம் நாள் பக்கத்து ஊரில் ஒரு கச்சேரி. இரண்டையும் கொண்டுபோனோம். பந்தல் முழுக்க சீரியல் லைட், ஜெனரேட்டர் கரண்ட், எர்த் கம்பி எங்கே போகிறது என்று கடவுளுக்கே வெளிச்சம். 62ஐச் செருகினதும் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். ஒற்றைச் சுருள் பிக்அப்பின் பிறவிக் குணம் அது, சுற்றுப்புற மின்புலத்தையெல்லாம் பிடித்து ஊதும். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்அப்பையும் சமமாகத் திறந்தால் ஒன்றின் இரைச்சலை இன்னொன்று வெட்டிவிடும். ஆனால் அப்படித் திறந்தால், பின்பக்கத்தைத் தூக்கி வைத்து நாம் மயங்கிய அந்த மூக்குக் குரல் போய்விடும்! அசலின் குரல் வேண்டுமானால் இரைச்சல், இரைச்சல் வேண்டாமென்றால் குரல் இல்லை. டீலக்ஸின் பிக்அப் இரைச்சலில்லாதபடி கட்டியது. சத்தமே போடாமல் நின்றது.

இங்கே எனக்கு ஒன்று உறைத்தது. 'விண்டேஜ் டோன்' என்பது கருவிக்குள் மட்டும் இருக்கும் சொத்து இல்லை. ஒழுங்கான எர்த், குளிரூட்டிய ஒலிப்பதிவுக் கூடம், ரிப்பேருக்கு ஆள், இவையெல்லாம் பின்னால் நின்று தாங்கும்போது மட்டுமே அது கேட்கும். அந்தத் தாங்கலைக் கண்ணுக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டு, ஒலியை மட்டும் 'இயற்கை' என்று சொல்கிற கருத்தியல்தான் நம்மிடம் ஆன்மாவாக வந்து பேசுகிறது.

கழுத்துக்கு வருவோம். சித்திரையில் மரம் காய்ந்து சுருங்கும், ஐப்பசி கார்த்திகையில் ஈரம் குடித்து ஊதும். கழுத்து வளையும். அதை நிமிர்த்த உள்ளே ஓர் இரும்புக் கம்பி இருக்கிறது. 62இல் அந்தக் கம்பியின் முனை உடலுக்குள் புதைந்திருக்கிறது. திருகணும் என்றால் கம்பிகளைத் தளர்த்தி, திருகாணி நாலையும் எடுத்து, கழுத்தைக் கழற்றி, திருகி, மாட்டி, சுருதி கூட்டிப் பார்த்து, சரியில்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. டீலக்ஸில் கிராஃபைட் பட்டைகள் கழுத்துக்குள் போட்டிருக்கிறார்கள், முறுக்குவதும் தலைப்பக்கத்திலேயே. விரல்பலகை 62இல் உருண்டை, புதுசில் போகப் போகத் தட்டை. ஐம்பத்தெட்டு வயசில், சரிகை அறுத்து அறுத்துக் காய்த்த விரலுக்கு இது சின்ன விஷயமில்லை.

விரல்பலகை என்றதும் ஒரு கிளைக்கதை. 1960களின் தொடக்கத்தில் ஃபெண்டர் போட்டது பிரேசில் ஈட்டி. 1992இல் அதன் பன்னாட்டு வியாபாரத்துக்குத் தடை வந்தது. மறுபதிப்புகளில் அந்த இடத்தில் பெரும்பாலும் இந்திய ஈட்டிதான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம். தமிழ்நாட்டில் ஈட்டியைக் காக்க 1994ஆம் வருஷத்துச் சட்டமே இருந்தது. கலிபோர்னியாவின் பழைமைக்கு நம் காட்டிலிருந்து பலகை போயிருக்கிறது. 1990ஐ ஒட்டி ஃபெண்டர் தன் மலிவு வரிசையான ஸ்குவையரில் சில கிடார்களை இந்தியாவிலேயே செய்வித்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அதை யாரும் மறுபதிப்புப் போடவில்லை.

டீலக்ஸ் குற்றமற்றது என்று சொல்லவில்லை. உள்ளே இரண்டு 9 வோல்ட் பேட்டரி கேட்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு முசரவாக்கத்தில் 9 வோல்ட் பேட்டரிக்கு எங்கே போவது? பேட்டரி செத்தால் குரல் கம்மி, கரகரத்து, நின்றுவிடும். நல்லவேளை, பேட்டரி இல்லாமல் வாசிக்க ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். குமிழ்கள் எக்கச்சக்கம், இருட்டில் எது எது என்று தடவிக்கொண்டிருக்க முடியாது. நவீனம் என்றால் தேர்வுகளைக் குவிப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வரிசையும் 2016இல் போய் 'எலைட்' வந்தது, 2019இல் 'அல்ட்ரா' வந்தது. வருஷத்துக்கொரு திருத்திய பதிப்பு போட்டு நேற்றையதை மலிவாக்கும் இந்த அவசரமும், நேற்றையதைப் பூசைக்கு வைக்கும் மறுபதிப்பும் ஒரே கல்லாப்பெட்டியின் இரண்டு இழுப்பறைகள். ஒரே கம்பெனி, ஒரே விலைப்பட்டியல்.

*

நண்பர்களிடம் நான் நிஜமாகக் கோபப்பட்டது கிடாரைப் பற்றியல்ல. தறியைப் பற்றி.

அதே வாரத்தில் சென்னையிலிருந்து ஒரு ஜவுளிக்காரர் மாமாவைப் பார்க்க வந்தார். பழைய கோர்வைச் சேலை வேண்டுமாம், 'பாட்டி காலத்து' டிசைன், கை நெசவு, மூணு நாடா. விலை நல்ல விலை. நண்பர்களுக்கு ரொம்ப சந்தோஷம். மரபு மீள்கிறது என்றார்கள்.

கோர்வை என்ன என்று தெரியாதவர்களுக்கு: சேலையின் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. உடலின் ஊடை கரைக்குள் போகாது. கரையின் ஊடை உடலுக்குள் வராது. சேருமிடத்தில் ஒன்றையொன்று கவ்வும். அதனால்தான் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமும் கலங்காமல் நிற்கிறது. நிஜமான அழகு அது, நான் மறுக்க மாட்டேன். ஆனால் தறியில் உட்கார்ந்த நெசவாளிக்கு அந்தக் கோடி எட்டாது. ஓரத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தர வேண்டும். அந்த இன்னொரு ஆள் காஞ்சிபுரத்தில் காலங்காலமாக யார்? பிள்ளைகள். சொந்தப் பிள்ளை, இல்லையென்றால் முன்பணம் வாங்கின வீட்டுப் பிள்ளை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறார் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. 2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு வந்தது.

நான் அந்த ஓரத்தில் உட்கார்ந்தவன். ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இரண்டு மணி நேரம், வந்தபிறகு இருட்டுகிறவரை. மாமாவின் தறிதான். அடித்ததில்லை அவர். நாடா தப்பினால் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். தாளத்துக்குத் தள்ளணும். பிற்காலத்தில் பேஸ் கிடாரின் வேலை என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை: நடுவில் ஒருத்தன் பூ போட்டுக்கொண்டிருப்பான், ஓரத்தில் ஒருத்தன் தப்பாமல் எண்ணிக்கொண்டிருப்பான், பேர் நடுவில் இருக்கிறவனுக்கு.

ஜாஸ் பேஸின் மறுபதிப்பில் குறைந்தபட்சம் இபாராவின் கூலியும் வேலைநேரமும் 1962ஆம் வருஷத்துக்குத் திரும்பிப் போவதில்லை. பொருளின் வடிவம் மட்டும் திரும்புகிறது. கோர்வைக்கு அப்படிச் சொல்ல முடியுமா? மூணு நாடாவை மறுபதிப்புப் போட்டால் ஓரத்தில் உட்காரும் ஆளையும் சேர்த்துத்தான் மறுபதிப்புப் போட வேண்டும். இன்று அங்கே பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அவர்களின் கூலி தனியாகக் கணக்கில் ஏறாது, 'குடும்பக் கூலி'க்குள் கரைந்துவிடும். கரை, உடல் எல்லாவற்றையும் ஒரே நாடாவில் முடிக்கிற திருத்திய வடிவத்தைப் 'போலி' என்று எழுதுகிற பண்பாட்டு விமர்சகர்கள், அது ஓர் ஆளை அந்த ஓரத்திலிருந்து எழுப்பி அனுப்பியது என்பதையும் ஒரு வரி எழுதலாம். விசைத்தறியை நியாயப்படுத்துகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது எத்தனை வீட்டு அடுப்பை அணைத்தது என்று இங்கே தெருத்தெருவாகக் காட்ட முடியும். இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் முழுக் கூலி என்றால் கோர்வை நெய்யட்டும். நானே போய் உட்காருகிறேன். அந்த விலையைச் சொன்னதும் ஜவுளிக்காரரின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

*

மாமா டீலக்ஸை வாங்கிக்கொண்டார். வாங்கின மறுநாளே சுவிட்சைப் பேட்டரி இல்லாத பக்கம் தள்ளி, மேலே டேப் ஒட்டிவிட்டார். பிறகு பாத்திரம் தேய்க்கிற பத்து ரூபாய் ஸ்பாஞ்சை நீளமாக வெட்டி, பின்பக்கம் கம்பிகளுக்கு அடியில் செருகினார். ஒலி சட்டென்று தடித்து, குட்டையாகி, அந்த 1982 பாட்டுகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பழைய ஃபெண்டர்களில் பின்பக்கத் தகட்டு மூடிக்கு அடியில் இதே வேலைக்கு ஸ்பாஞ்ச் ஒட்டித்தான் அனுப்பினார்கள், மூடியையும் சேர்த்து வாசிப்பாளர்கள் கழற்றிப் போட்டார்கள் என்று நான் படித்ததைச் சொன்னேன்.

"அப்டியா மாப்ளே" என்றார். "அப்ப அவுனுக்கும் கை எரிஞ்சிருக்கும்போல."

கை எரிவதற்கும் ஸ்பாஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கவுமில்லை. கோர்வைச் சேலை ஆர்டர் வேற யாருக்கோ போய்விட்டது என்று கேள்வி. 62ஐ நண்பரிடம் திருப்பிக் கொடுக்கப் போனபோது அதை வாங்கிக்கொள்ள ஏற்கெனவே ஒருத்தர் காத்திருந்தார். வாசிக்கத் தெரியாதாம், சுவரில் மாட்டுவதற்கு.